ஓசை அடங்கிய சாலைகள்

மாந்தர் நடந்த வழி பாதையாகிறது. பாதை காலப்போக்கில் சாலையாகிறது. சாலையோ ஒரு நாட்டின் வரலாற்றைத் தன் மேனியில் எழுதி வைத்துக்கொள்கிறது. மன்னர் எழுப்பிய அரண்மனைகளைக் கண்டு வியப்போர் பலர். உழவன் உடைத்த கல்லால் உருவான சாலையைக் கண்டு சிந்திப்போர் சிலரே. பிரான்சு நாட்டுச் சிற்றூர்ச் சாலைகளின் வரலாறு அவ்வாறு காணப்படாமற் போன வரலாறுகளுள் ஒன்று.

இன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் மிதிவண்டிப் பயணிகள் அந்நாட்டை நாடிச் செல்கின்றனர். மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இன்றி, கோதுமை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே நாள் முழுதும் மிதித்துச் செல்லலாம் என்பதே அவர்களை ஈர்க்கிறது. ஆயின் அந்த அமைதி இயற்கை தந்த கொடை அன்று. உழைப்பாலும், இழப்பாலும், இறுதியில் மக்கள் எடுத்த ஒரு முடிவாலும் விளைந்தது அது.

முதலில் உழைப்பைக் காண்போம். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பெருஞ்சாலைகள் கட்டாய உழைப்பால் அமைந்தவை. உழவர்கள் கூலியின்றி அரசுச் சாலைகளில் கல் சுமந்தனர். பிரபுக்களுக்கும் குருமார்க்கும் அக்கடமை இல்லை. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் மக்கள் நெஞ்சில் கனன்ற குறைகளுள் இதுவும் ஒன்று. புரட்சிக்குப் பின்னும் சிற்றூர்கள் சேற்றில் புதைந்தே கிடந்தன. மழைக்காலத்தில் பக்கத்து ஊர்ச் சந்தைக்குச் செல்வதும் அரிதாக இருந்தது. அந்நிலையை மாற்றியது 1836ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இயற்றப்பட்ட ஊர்ச்சாலைச் சட்டம். ஒவ்வோர் ஊரும் தன் சாலைகளைப் பேண வேண்டும் என்றும், அதற்கென ஊரார் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பாகவோ பணமாகவோ தரலாம் என்றும் அச்சட்டம் வகுத்தது. முன்னர் அரசனுக்காகச் சுமந்த கல்லை இப்போது உழவன் தன் ஊருக்காகச் சுமந்தான். பிரான்சில் இன்றுள்ள சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி இத்தகைய ஊர்ச்சாலைகளே. பயணிகள் விரும்பும் ஆள் அரவமற்ற குறுஞ்சாலைகள் பலவற்றிற்கும் வேர் அந்தச் சட்டத்திலும் அந்த வியர்வையிலும் இருக்கிறது.

கால்வாய்க் கரைகளின் கதையும் இத்தகையதே. உப்பு வரி தண்டும் பணியில் இருந்த பியேர் போல் ரிக்கே என்பவர், அட்லாண்டிக் கடலையும் நடுநிலக் கடலையும் நீர்வழியால் இணைக்கக் கனவு கண்டார். 14ஆம் லூயி மன்னன் 1666இல் இசைவு தந்தான். துலூஸ் நகரிலிருந்து நடுநிலக் கடற்கரை வரை 240 கிலோமீட்டர் நீளும் மிதி கால்வாயை, ஆயிரக்கணக்கான தொழிலாளர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வெட்டினர். அவர்களுள் மகளிரும் இருந்தனர். கருமலையின் ஓடைகளை அணையிட்டுத் தேக்கி, கால்வாயின் மிக உயர்ந்த இடத்திற்கு நீரைக் கொணர்ந்தது ரிக்கேயின் அறிவுத்திறன். தம் செல்வத்தையெல்லாம் அதில் இறைத்த அவர், கால்வாய் திறக்கப்படுவதற்குச் சில திங்கள் முன்னர் 1680இல் கண்ணை மூடினார். 1681இல் கால்வாய் திறக்கப்பட்டது.

வடமேற்கே நாந்த் நகரையும் ப்ரெஸ்ட் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாய் போரால் பிறந்தது. ஆங்கிலேயர் கடலை அடைத்தபோது, உள்நாட்டு நீர்வழி வேண்டும் என்று நெப்போலியன் எண்ணினான். அவன் வீழ்ந்து நெடுங்காலத்திற்குப் பின், 1842இல்தான் அப்பணி நிறைவுற்றது. க்ளோமெல் என்னும் இடத்தில் மேட்டை வெட்டித் திறக்கச் சிறைக்கைதிகளை ஏவினர். அக்கால்வாய்களின் கரையில் குதிரைகளும், சில வேளை மனிதர்களும், கயிறு கட்டிப் படகுகளை இழுத்துச் சென்றனர். மனிதத் தோள் தேய்ந்த அந்த இழுப்புப் பாதைகளில்தான் இன்று மிதிவண்டிச் சக்கரங்கள் மெல்ல உருள்கின்றன.

இருப்புப்பாதை வந்தபின் படகுகளின் பெருமை குன்றியது. 1879இல், பொதுப்பணி அமைச்சராயிருந்த ஃப்ரெய்சினே கொணர்ந்த திட்டம் 8,800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட புதிய இருப்புப்பாதைகளை அமைக்க வழி செய்தது. சிறு நகரம் ஒவ்வொன்றையும் புகைவண்டி எட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். சிற்றூர்களின் ஓரத்தில் நிலையங்கள் எழுந்தன; மலைகளைக் குடைந்து சுரங்கவழிகள் திறக்கப்பட்டன. பாலும் திராட்சை மதுவும் நகருக்குச் சென்றன. அவற்றோடு இளைஞர்களும் சென்றனர். அவர்களுள் பலர் திரும்பவில்லை.

இதே காலத்தில் மிதிவண்டியும் வளர்ந்தது. 1860களில் பாரிசில் மிதிகட்டை பொருத்திய வண்டிகள் உருவாயின. 1888இல் டன்லப் கண்ட காற்றடைத்த ரப்பர்ச் சக்கரமும், 1891இல் மிஷலன் சகோதரர் கண்ட கழற்றி மாட்டத்தக்க சக்கரமும் பயணத்தை எளிதாக்கின. தொடக்கத்தில் அமேசான், காங்கோ காடுகளிலிருந்து வந்த ரப்பர், 20ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் மலாயா முதலிய நாடுகளின் தோட்டங்களிலிருந்து வரலாயிற்று. வைகறைக்கு முன் எழுந்து பால்மரம் சீவிய தமிழரின் உழைப்பு, உலகெங்கும் ஓடிய சக்கரங்களில் கலந்திருந்தது. அச்சக்கரங்கள் எந்தெந்தச் சாலையில் உருண்டன என்பதை அவர்கள் அறிந்திலர்.

மிதிவண்டியைப் பற்றிப் பிரான்சில் இரு கருத்துகள் மோதின. ஆன்றி டெக்ராஞ்சு என்னும் இதழாசிரியர் 1903இல் பிரான்சைச் சுற்றிவரும் பந்தயத்தைத் தொடங்கினார். வேகமும் வெற்றியும் அவருக்குப் பெரிது. சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் டி விவியோ வேறு வழி கண்டார். 1853இல் பிறந்த அவர், பட்டு வணிகத்தை விட்டு மிதிவண்டிக் கடை வைத்தவர். 1887இல் மிதிவண்டிக்கென ஓர் இதழும் தொடங்கினார். வெலோசியோ என்னும் புனைபெயரால் அவரை நாடு அறிந்தது. பசிக்கு முன் உண்ண வேண்டும், தாகத்திற்கு முன் பருக வேண்டும், வீண் பெருமைக்காக மிதித்தலாகாது என்று அவர் அறிவுறுத்தினார். மலையேற்றத்தை எளிதாக்கும் பல்வேகப் பற்சக்கர அமைப்பை வற்புறுத்தியவரும் அவரே. டெக்ராஞ்சோ அதனை ஏற்கவில்லை. அவர் தொடங்கிய பந்தயத்தின் முன்னணி வீரர்களுக்கு அவ்வமைப்பு 1937 வரை மறுக்கப்பட்டது. வெலோசியோ 1930இல் டிராம் வண்டி மோதி உயிர் நீத்தார். பந்தயத்தின் புகழ் உலகெங்கும் பரவிற்று. எனினும் இன்று அமைதியான சாலைகளில் செல்வோர் பின்பற்றுவது, அறிந்தோ அறியாமலோ, வெலோசியோவின் வழியையே.

அவ்வழி எளிய மக்களுக்கும் திறந்த ஆண்டு 1936. அவ்வாண்டு சூன் திங்களில் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளருக்கு ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதுவரை கடலையே காணாத தொழிலாளர் குடும்பங்கள் புகைவண்டியிலும் மிதிவண்டியிலும் புறப்பட்டன. இருவர் மிதிக்கும் வண்டியில் கணவனும் மனைவியுமாகச் சென்ற காட்சி அக்கோடைக்கே அடையாளமாயிற்று. தன் நாட்டைக் காண்பது செல்வர்க்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறத் தொடங்கியது.

இனி இழப்பைக் காண்போம். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் 13 லட்சத்திற்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர் மாண்டனர். இன்றும் மிதிவண்டியில் செல்பவர் ஏறக்குறைய ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு நினைவுக்கல்லைக் காண்பர். வாழும் மக்கள் குறைந்துபோன ஊரில் அக்கல்லின் பெயர்ப்பட்டியல் நீண்டிருக்கும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்கள் தொகை நாட்டுப்புற மக்கள் தொகையை முதன்முறையாக விஞ்சியது. பேருந்தும் காரும் பெருகவே, கிளை இருப்புப்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, நிலையங்களில் முட்செடி படர்ந்தது. பெருஞ்சாலைகளோ கார்களால் நிரம்பி வழிந்தன. 1972ஆம் ஆண்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மடிந்தனர். ஒரு பக்கம் வெறுமை, மறு பக்கம் நெரிசல்: இதுவே அன்றைய நிலை.

இந்நிலையில் எடுக்கப்பட்டதே அந்த முடிவு. பர்கண்டிப் பகுதியில், ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை கைவிடப்பட்டுக் கிடந்த 44 கிலோமீட்டர் இருப்புப்பாதையைச் செப்பனிட்டு, 1997இல் மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் திறந்தனர். பிரான்சின் முதல் பசுமைவழி என்று அது போற்றப்படுகிறது. புகைவண்டிக்கென அமைத்த பாதையாதலின் அதில் செங்குத்தான ஏற்றம் இல்லை. குழந்தையும் முதியவரும் செல்லத்தக்க மென்சரிவை 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் தம்மை அறியாமலே விட்டுச் சென்றிருந்தனர். 2004இல் பசுமைவழி என்பது சாலை விதிகளிலேயே இடம்பெற்றது. மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும், நடப்போர்க்கும், குதிரை ஏறி வருவோர்க்கும் உரிய வழி என அரசாணை அதனை வரையறுத்தது. லுவார் ஆற்றை ஒட்டி 900 கிலோமீட்டர் நீளும் தடம், பசுமைவழிகளையும் வண்டி குறைந்த ஊர்ச்சாலைகளையும் இணைத்துச் செல்கிறது. 1836ஆம் ஆண்டின் உழைப்பு அவ்வாறு மீண்டும் பயன் கொண்டது.

எனினும் இவ்வரலாறு முழுதும் மகிழ்ச்சிக்குரியதன்று. பாதை அழகுற்றது, ஆனால் மூடிய நிலையத்தில் நின்று புகைவண்டி ஏறிப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சென்ற ஊராருக்கு அந்த வண்டி திரும்பி வரவில்லை. பயணி போற்றும் அமைதி, அங்கேயே வாழ்பவருக்குத் தனிமையாக இருக்கலாம். மிதி கால்வாய்க்கு நிழல் தந்த ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூசண நோய் தாக்கி வருகிறது. இரண்டாம் உலகப்போரில் வந்திறங்கிய வெடிபொருள் பெட்டிகளின் மரத்தோடு அந்நோய் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பல்லாயிரம் மரங்கள் வெட்டப்பட்டு, வேறு இன மரக்கன்றுகள் நடப்படுகின்றன. அவை நிழல் தரும் காலத்தில் இன்று நடுபவர் இருக்கமாட்டார். ரிக்கேயும் தாம் வெட்டுவித்த கால்வாய் முழுமையாகத் திறக்கப்படக் கண்டாரில்லை.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஒரு பாதையின் பயன் முடிந்ததும் அதன் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்ட இடங்களில் எதுவும் எஞ்சவில்லை. நிலத்தைப் பொதுவுடைமையாகக் காத்த இடங்களிலோ, பாட்டன் உழைப்பு பேரனுக்குப் புதுவடிவில் பயன்படுகிறது. கட்டாய உழைப்பால் கல் சுமந்த உழவனும், மேட்டை வெட்டிய கைதியும், படகை இழுத்த தொழிலாளியும் இளைப்பாற ஒரு நாளும் பெற்றிலர். அவர்கள் அமைத்த வழியில் இன்று எவரும் கட்டணமின்றிச் செல்லலாம். விரும்பிய மர நிழலில் வண்டியைச் சாய்த்து இளைப்பாறலாம். அந்த இளைப்பாறலின் விலையை முன்னோர் செலுத்தியுள்ளனர் என்பதை அறிந்து செல்பவரே அச்சாலையை முழுமையாகக் கண்டவர் ஆவர்.