கார் ஏசி பிரஷர் சென்சார் பழுதறிதல்

கார் ஏசியின் உயர் அழுத்தப் பகுதியில் கேஸ் எந்த அழுத்தத்தில் இருக்கிறது என்று அளந்து இன்ஜின் கணினிக்கு (ஈசியூ) தெரிவிக்கும் சிறு கருவி பிரஷர் சென்சார். கண்டென்சரிலிருந்து எக்ஸ்பான்ஷன் வால்வுக்குச் செல்லும் குழாயிலோ ரிசீவர் டிரையரிலோ இது திருகப்பட்டிருக்கும். பழைய கார்களில் இந்த இடத்தில் இருந்த பிரஷர் சுவிட்ச், குறித்த எல்லையில் மின்சுற்றைத் துண்டிப்பதோடு சரி. சென்சாரோ அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலான சென்சார்களில் மூன்று வயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். அழுத்தம் கூடக்கூட சிக்னல் ஏறத்தாழ 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரை உயரும். அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே இறங்கினால் ஈசியூ கம்ப்ரசரை ஓடவிடாது. கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடுதான் சுற்றி வருகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் 30 பாரை நெருங்கினாலும் நிறுத்திவிடும். இந்த எல்லைகள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். கண்டென்சர் ஃபேனின் வேகமும் பல கார்களில் இந்த அளவைப் பொறுத்ததே.

கம்ப்ரசர் கிளட்ச் சேராமலிருப்பது, சேர்ந்து சேர்ந்து விலகுவது, ஃபேன் ஓயாமல் முழு வேகத்தில் சுற்றுவது ஆகியவை சென்சார் பழுதின் அறிகுறிகள். ஆனால் கேஸ் கசிவு, ரிலே கோளாறு, ஃபேன் மோட்டார் பழுது ஆகியவற்றுக்கும் இதே அறிகுறிகள்தான். கேஸ் தீர்ந்த காரில் கம்ப்ரசர் ஓடாததற்குச் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளில் பி0532 சிக்னல் குறைவையும், பி0533 சிக்னல் மிகுதியையும் குறிக்கும். இரண்டும் சுட்டுவது அந்த மின்சுற்றை. குறியீட்டைப் பார்த்ததுமே சென்சாரை மாற்றுவது அவசரப்படுவதாகும்.

நம்பத் தகுந்த முதல் சோதனைக்குக் காலை நேரமே வசதி. இன்ஜின் பல மணி நேரம் அணைந்திருந்தால், உள்ளே திரவமும் ஆவியுமாக இருக்கும் கேஸின் அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கும். ஆர்-134ஏ கேஸுக்கு 30 டிகிரி செல்சியஸில் அது கேஜில் சுமார் 6.7 பார், 35 டிகிரியில் சுமார் 7.9 பார். உயர் அழுத்தப் போர்ட்டில் கேஜை மாட்டி, ஸ்கேனர் காட்டும் அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சென்சார் மேல் குற்றமில்லை. இரண்டுமே 3 பார் என்றால் கேஸ் கசிந்திருக்கிறது. கேஜில் 7 பார் இருக்க ஸ்கேனர் 0 அல்லது 31 என்றால் சென்சாரையோ வயரிங்கையோ சந்தேகிக்கலாம். சில ஸ்கேனர்கள் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதால் 1 பார் கூடுதலாகத் தெரியும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு துளி திரவம் மிஞ்சியிருக்கும்வரை இந்த அழுத்தம் மாறாது என்பதால், பாதி கேஸ் போன காரிலும் கேஜ் சரியாகவே காட்டும். இச்சோதனை சென்சாரைத்தான் எடைபோடுகிறது, கேஸின் அளவை அல்ல.

அடுத்தது மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றி இக்னிஷன் போட்டு 5 வோல்ட்டும் எர்த்தும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். 5 வோல்ட் இல்லையென்றால் வயரிங் அறுந்திருக்கலாம். அதே சப்ளையில் உள்ள வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியும் இருக்கலாம். கனெக்டர் பின்களில் பச்சைப் பூப்பு, எலி கடித்த வயர், கனெக்டருக்குள் ஆயில் ஈரம் ஆகியவற்றைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆயில் தெரிந்தால் சென்சாரே உள்ளுக்குள் ஒழுகுகிறது என்று பொருள். வயரை அசைக்கும்போது ஸ்கேனர் அளவு துள்ளினால் இணைப்பு லூஸ். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சில கார்களில் சிக்னல் துடிப்பலையாக வருவதால் அங்கே வோல்ட் கணக்கு செல்லாது, ஆசிலோஸ்கோப் வேண்டும்.

பல கார்களில் சென்சாருக்கு அடியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உண்டு. கேஸை இறக்காமலே சென்சாரை மாற்றலாம். அது இல்லாத கார்களில் முதலில் இயந்திரத்தால் கேஸை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் திருகினால் கேஸ் பீறிட்டுக் கண்ணையும் கையையும் உறைய வைத்துவிடும். புதிய ஓ-ரிங்கில் ஏசி ஆயில் தடவிப் பூட்டியபின், பிழைக் குறியீட்டை அழித்து, கேஜும் ஸ்கேனரும் ஒத்துப்போகின்றனவா என்று மறுபடி பார்ப்பது வழக்கம்.