கட்டமும் வட்டமும்

நம் ஊர் ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டங்கள். நடுவில் ‘ராசி’ என்ற ஒரே சொல். மேற்கத்திய ஜாதகத்திலோ அந்த நடுவிடத்தில்தான் நெரிசல். கிரகங்களின் பார்வையைக் காட்ட வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பும் நீலமுமாய்க் கோடுகள். நம் ஜோசியர் கோடு போடுவதில்லை, விரல்விட்டு எண்ணுகிறார்.

ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. கிரகம் நின்ற வீட்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். எல்லாக் கிரகங்களுக்கும் ஏழாம் பார்வை உண்டு. செவ்வாய்க்குக் கூடுதலாக 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. இதனால் பார்வை ஒருதலையாகவும் அமையும்: மேஷத்துச் சனி மிதுனத்துப் புதனைப் பார்ப்பார், புதன் திரும்பிப் பார்ப்பதில்லை. மனிதர்களிடமும் இப்படித்தானே நடக்கிறது! மேற்கில் இந்த ஒருதலைப் பார்வை கிடையாது. அங்கே பார்வை என்பது 60, 90, 120, 180 பாகைக் கோணம், இருவருக்கும் பொது. வானியலாளர் தாலமி 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கோணங்கள் இவை. 17ஆம் நூற்றாண்டில் வானியலாளர் கெப்ளர் 72, 144 ஆகியவற்றையும் சேர்த்தார்.

சந்திரனுக்கு 1, 4, 7, 10இல் குரு இருந்தால் கஜகேசரி யோகம் என்போம். மேஷத்தில் சந்திரன், கடகத்தில் குரு என்றால் ஜோசியர் முகம் மலரும். மேற்கத்தியர் அதை 90 பாகை என்று கண்டு, இழுபறி, மிதமிஞ்சிய போக்கு என்பார். குரு பார்க்கக் கோடி நன்மை என்று வளர்ந்த நமக்கு இது வியப்புதான்.

இன்னும் நுணுக்கிப் பார்த்தால் வேடிக்கை கூடும். சந்திரன் மேஷத்தில் 29 பாகை, குரு கடகத்தில் 1 பாகை என்று வையுங்கள். இடைவெளி வெறும் 62 பாகை. நமக்குக் கஜகேசரி, அவர்களுக்கோ நட்பான 60 பாகைக் கோணம். சந்திரன் மேஷத்தில் 1 பாகை, குரு மிதுனத்தில் 29 என்றால் இடைவெளி 88. அவர்களுக்கு முரண் கோணம், நமக்கு யோகமே இல்லை, குரு மூன்றாமிடம்.

அதற்காக மேற்கத்திய முறைக்கு எல்லைத் தகராறு இல்லை என்று சொல்லமாட்டேன். கோணம் துல்லியமாக அமையாதபோது எத்தனை பாகை விட்டுக்கொடுக்கலாம் என்பதில் ஒருவர் 6 என்பார், இன்னொருவர் 10 என்பார். ஆனால் ராசிச் சக்கரத்தை எங்கே தொடங்குவது என்ற அயனாம்சச் சண்டை அவர்கள் கோணங்களைத் தொடாது. எல்லாக் கிரகங்களையும் சுமார் 24 பாகை பின்னுக்குத் தள்ளினாலும் இடைவெளி மாறாதே. நமக்கு வீடுதான் கணக்கு. எல்லையில் நிற்கும் கிரகம் சற்று நகர்ந்தால் பார்வையும் இடம் மாறிவிடும்.

பஞ்சாங்கம் மாறினாலும் இதே கதைதான். கும்பத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலில் சனிப்பெயர்ச்சி அதே ஆண்டு டிசம்பர் 20. இடையில், வாக்கியப்படி சனி இன்னும் மகரத்தில் இருந்த நாளில் பிறந்த குழந்தைக்குச் சனியின் பத்தாம் பார்வை ஒரு பஞ்சாங்கத்தில் துலாத்தின்மேல் விழும், மற்றதில் விருச்சிகத்தின்மேல்.