சேது என்னும் சொல்லும் நல்லூர் அரசும்

நல்லூரை இராசதானியாகக் கொண்டு ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள் மிகச் சிலவே. 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடித்தழிக்கப்பட்டது. எஞ்சிய சான்றுகளுள் ஈரெழுத்தாலாய சொல்லொன்று தலையாயதாகும். அது ‘சேது’ என்பது. இச்சொல்லின் பொருளைப் பிழையாகக் கொண்டமையால், யாழ்ப்பாண அரசரின் நாணயங்கள் நெடுங்காலம் பிறர்க்குரியனவாக எண்ணப்பட்டன. ஆதலின் அச்சொல்லின் வரலாறு ஆராயத்தக்கது.

சேது என்பது வடசொல். கட்டுதல் என்னும் பொருளுடைய வினையடியினின்றும் பிறந்தது. நீரைக் கட்டி நிறுத்தும் அணையும், நிலத்தைப் பிரிக்கும் வரம்பும், நீரைக் கடத்தற்குக் கட்டும் பாலமும் இச்சொல்லாற் குறிக்கப்பெறும். தடுத்தலும் கடத்தலும் ஒரு சொல்லின்கண் அமைந்தமை முரணன்று. வயல்வரம்பு நீரைத் தடுக்கும். உழவன் நடக்கும் வழியும் அதுவேயாம். சாந்தோக்கிய உபநிடதம் ஆன்மாவைச் சேது எனக் கூறுமிடத்து, உலகங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பாவண்ணம் காக்கும் வரம்பு என்னும் பொருளே கொள்ளப்படும்.

இராமகாதையின் தொடர்பால் இப்பொதுப்பெயர் சிறப்புப்பெயராயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுக்கள் இராமர் கட்டிய சேது எனப்பட்டன. பின்னர் இராமேச்சுரமும் அதனைச் சூழ்ந்த கடற்றுறைகளும் அப்பெயர் பெற்றன. சேதுவில் நீராடிய யாத்திரிகர் அவ்விடத்து மணலை எடுத்துச்சென்று கங்கையில் இடுவர். கங்கைநீரைக் கொணர்ந்து இராமேச்சுரப் பெருமானுக்கு அபிடேகஞ் செய்விப்பர். அவர்க்குச் சேது அணையன்று, தீர்த்தமாகும்.

தீர்த்தத்தின் பெயர் அரசரின் பெயரோடும் இணைந்தது. செகராசசேகரமாலை என்னும் சோதிட நூல், யாழ்ப்பாண அரசரின் முன்னோரை இராமேச்சுரத்து அந்தணரோடு தொடர்புபடுத்துகின்றது. அவ்வரசர் சேதுகாவலர் எனவும் போற்றப்பட்டனர். ஒருபுறம் நின்ற நிலையிலுள்ள மனிதவுருவும், மறுபுறம் இடபமும் அதன்கீழ்ச் ‘சேது’ என்னும் எழுத்தும் பொறித்த நாணயங்களும் கிடைத்துள்ளன. முன்னர் இவற்றை ஆராய்ந்தோர், சேது என்றவுடன் இராமநாதபுரத்துச் சேதுபதிகளை நினைந்து, அவர்க்கே உரியன என்றனர். சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் செ. இராசநாயகமும் இவை யாழ்ப்பாண அரசர்க்குரியன எனக் காட்டினர்.

இவர்தம் முடிபுக்கு உறுதியளிப்பன மூன்று. இந்நாணயங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிகுதியாகக் கிடைத்துள்ளமை ஒன்று. நின்ற மனிதவுரு, இலங்கையின் பழைய நாணய மரபைப் பின்பற்றியமை மற்றொன்று. மூன்றாவது, கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகம என்னும் ஊரின் தமிழ்க் கல்வெட்டு. 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டினதாகிய அக்கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடும் வெண்பாவாகும். அதன் தலைப்பிலே ‘சேது’ என்னும் சொல், வெண்பாவின் உறுப்பாகாது தனித்து நிற்கின்றது. மதுரை நாயக்கரின் கீழ்ச் சடைக்கத்தேவர் சேதுபதியாகியது 1605ஆம் ஆண்டளவிலேயாம். கல்வெட்டோ அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது.

செய்யுளுக்குப் புறத்தே தனித்து நிற்றலின், அச்சொல் அங்கே இடத்தையோ பாலத்தையோ குறித்ததன்று. அரசின் இலச்சினையாகவும் மங்கலச் சொல்லாகவும் நின்றது எனல் பொருந்தும். நாணயத்திலும் அஃதே பொருள். எனவே, இச்சொல் ஒன்றையே கொண்டு யாழ்ப்பாண மன்னர் இராமேச்சுரத்தை ஆண்டனர் எனச் சாதித்தல் கூடாது. சேதுபதிகளுக்கே அச்சொல் உரியது என ஒதுக்கலும் கூடாது. கடலின் இருகரையினரும் ஒரு தீர்த்தத்தின் பெயரைப் பூண்டனர். அங்கே அது யாத்திரை வழியைக் காக்கும் பதவியைக் குறித்தது. இங்கே குலத்தின் தோற்றத்தைக் குறித்தது.

சொற்பொருள் அகராதியில் மாத்திரம் அடங்குவதன்று. சொல் எக்காலத்தில், எவ்விடத்தில், எப்பொருளின்மேற் பொறிக்கப்பட்டது என்பதும் ஆராய்ந்தே துணியத்தக்கது. நல்லூர் அரசின் சிறு செப்புக்காசு வரலாறு கற்பார்க்கு உணர்த்துவது இதுவேயாம்.