பழைய இல்லத்து மரம்: அகமதாபாத் முதல் நியூயார்க் வரை

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக எண்ணப்படுவது பொருள் வரைதல். தேவைக்கு மேல் சேர்க்காது, தமக்கென ஓர் எல்லை வகுத்து வாழ்வதே அவ்விரதத்தின் சாரம். ஒரு கட்டடத்தில் பணி முடிந்த தூணையும் கதவையும் மற்றோர் இல்லத்தில் பொருத்திப் பயன்கொள்வது இவ்விரதத்திற்கு இசைந்த செயலாகும். புதிதாக ஒரு மரம் வீழ வேண்டிய தேவையும் அதனால் குறைகிறது. எனினும் பெயர்த்தெடுத்த பொருளோடு அதன் வரலாறும் உடன் செல்கிறதா என்பது தனி வினா. குஜராத்து மரச்சிற்பங்களின் கதை இவ்வினாவிற்கு விடை தருகிறது.

1411ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அகமதாபாத்தின் பழைய பகுதியில் ‘போள்’ எனப்படும் குடியிருப்புத் தெருக்கள் பல உள்ளன. ஒரு வாயிலைக் கொண்ட தெருவில், ஒரே தொழிலினர் அல்லது ஒரே சமயத்தினர் கூடி வாழ்வது அங்குள்ள வழக்கம். சமண வணிகர் வாழ்ந்த போள்களில் கோயில்களும், சில இல்லங்களுக்குள்ளே மரத்தாலான சிறு வழிபாட்டிடங்களும் அமைந்தன. பறவைகளுக்குத் தீனியிட உயரமான தூண்மேல் கட்டிய ‘சபூத்ரா’க்கள் கொல்லாமை நெறியின் சின்னங்களாகத் தெருவில் நின்றன.

அவ்வில்லங்களின் எலும்புக்கூடு தேக்கு. மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல் நிரப்பிச் சுவர் எழுப்பினர். தூண், போதிகை, சாளரம், மாடத்தின் கைப்பிடி ஆகிய யாவற்றிலும் உளி விளையாடியது. துளையும் முனையும் பொருத்திச் சேர்த்த மரங்களாதலின், வீட்டைப் பிரிக்கும்போது அவற்றைச் சிதையாமல் கழற்ற இயலும். மறுபயன்பாட்டிற்கு வழி கோலியது இந்தக் கட்டுமான முறையே. அம்மரங்கள் எளிதாக விலைபோகவும் அதுவே காரணமாயிற்று.

1881ஆம் ஆண்டில் லாக்வுட் டிஃபாரஸ்ட் என்னும் அமெரிக்க ஓவியர் அகமதாபாத்திற்கு வந்தார். இல்ல அலங்காரக் கலையிலும் ஈடுபட்டிருந்த அவரை அந்நகரின் மரவேலைப்பாடு ஈர்த்தது. அங்கு அவருக்குத் துணையானவர் மகன்பாய் ஹதீசிங். பதினைந்தாம் தீர்த்தங்கரராகிய தர்மநாதருக்கு 1848ஆம் ஆண்டில் கோயில் எழுப்பிய புகழ்பெற்ற சுவேதாம்பர சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இருவரும் கூடி அகமதாபாத் மரச்சிற்ப நிறுவனத்தைத் தொடங்கினர். பழைய வீடுகளின் வடிவங்களைப் பார்த்துப் புதிய பலகைகளையும் நாற்காலிகளையும் செதுக்கும் பணி கைவினைஞர்களுக்குக் கிடைத்தது. இந்திய இல்லங்களின் கட்டடக்கலை பற்றி டிஃபாரஸ்ட் 1885ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார்.

நியூயார்க் நகரில் கிழக்குப் பத்தாம் தெருவில் 1887ஆம் ஆண்டில் எழுந்த அவரது இல்லத்தின் முகப்பில், அகமதாபாத் பாணியில் செதுக்கிய தேக்குச் சாளரம் ஒன்று வெளியே நீண்டிருக்கிறது. நூற்றாண்டுக்கு மேலாகப் பனியையும் மழையையும் தாங்கி அது இன்றும் நிற்கிறது. 1902ஆம் ஆண்டில் நிறைவுற்ற ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகையில், குடும்ப நூலக அறையையும் டிஃபாரஸ்ட் இவ்வகைத் தேக்கு வேலைப்பாட்டால் அணிசெய்தார். இப்போது அம்மாளிகை ஓர் அருங்காட்சியகம்.

புதிதாகச் செதுக்கி அனுப்பியவை ஒரு புறம்; பழமையான கட்டடத்திலிருந்தே பெயர்ந்து சென்றது மற்றொரு புறம். பாடன் நகரில் வாடி பார்சுவநாதர் கோயிலோடு சேர்ந்த மரமண்டபம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. திசைக்காவலர் எண்மரும் இசைவாணரும் ஆடல்மகளிரும் சூழ்ந்த அதன் குவிமாடம் டிஃபாரஸ்ட்டின் கைக்கு வந்தது. 1916ஆம் ஆண்டில் அவரும் அவருடைய உடன்பிறந்தார் ராபர்ட் டிஃபாரஸ்ட்டும் அதனை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கினர்.

அங்கு அதனைக் காண்போர் வியந்து அண்ணாந்து நிற்கின்றனர். அது அழியாமல் காக்கப்பட்டது நன்றே. ஆயினும் அடியார்கள் கூடிய மண்டபம், மக்கள் பார்த்துச் செல்லும் காட்சிக்கூடமாயிற்று. மரம் பிழைத்தது, அதன் கீழ் நிகழ்ந்த வழிபாடு உடன் செல்லவில்லை. எனினும் எந்த ஊர், எந்தக் கோயில் என்னும் குறிப்பு அதனோடு இருப்பதால், அது யாருடையது என்பதேனும் மறையவில்லை. குறிப்பின்றி விலைபோன போதிகைகளுக்கும் சாளரங்களுக்கும் அந்தப் பேறும் வாய்ப்பதில்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள சமண இல்லங்களுக்கும் இவ்வரலாறு பொருந்தும். திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடு இடிபடும்போது, நிலைக்கதவும் தூணும் உத்திரமும் மொத்த விலைக்குப் பேசப்படுகின்றன. விற்பதற்கு முன் அவற்றுள் சிலவற்றைப் புதிய வீட்டிலேயே வாழவைக்க இயலும். நிலைக்கதவு பூசையறைக்கு வாயிலாகலாம். உத்திரப் பலகை சுவடிகளும் நூல்களும் வைக்கும் அடுக்காகலாம். நெற்பெட்டி அமரும் இருக்கையாகலாம். வழிபாட்டிற்குரிய மரத்தை மட்டும் அலங்காரப் பொருளாக்காமல், மீண்டும் வழிபாட்டிற்கே பயன்படுத்துவது முறை.

செலவில்லாத கடமை ஒன்றும் உண்டு. எந்த ஊரில், எந்தத் தெருவில், யார் கட்டிய வீட்டின் தூண் இது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். பாட்டனார் கைவைத்துச் சாய்ந்த தூண் இன்னதென்று பேரன் அறியும் வரையில், பெயர்த்து வைத்த மரத்திலும் பழைய இல்லம் நிலைத்திருக்கும்.