அச்சுப் படங்களில் புள்ளிகள்: கல்லச்சும் ஆஃப்டோனும்

ஒளிப்படத்தைப் புள்ளிகளாக உடைத்துப் பழைய அச்சுப்படம்போல் காட்டும் வசதியைப் போட்டோஷாப் முதலிய மென்பொருள்கள் இன்று தருகின்றன. புள்ளி இருப்பின் பழமை என்பது இதன் அடிப்படை. ஆயின் பழைய படங்களில் காணும் புள்ளிகள் யாவும் ஒருவகையின அல்ல.

இரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் இலக்குமி, சரசுவதி படங்கள் தமிழர் இல்லங்களிலும் இடம்பெற்றன. உருப்பெருக்கியால் நோக்கின் அவற்றிலும் புள்ளிகள் தெரியும். அவை நிறத்திற்கொரு கல்லாகக் கொண்டு கலைஞர்கள் கையால் இட்டவை, எனவே ஒழுங்கற்றவை. ஆஃப்டோன் முறை வேறு. கட்டக் கோடுகளுடைய கண்ணாடித்திரை வழியே ஒளிப்படத்தை மீண்டும் படம்பிடித்து, செப்பு அல்லது துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் 'பிளாக்' செய்வர். மை ஒன்றே, புள்ளி பெருத்தால் கருமை, சிறுத்தால் வெளிர்மை. இத்துறையில் இந்தியாவின் முன்னோடி கல்கத்தாவின் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி. சத்தியஜித் ராயின் பாட்டனாரான இவர், திரை நுட்பம் பற்றி இலண்டனின் பென்ரோஸ் ஆண்டுமலரில் கட்டுரைகள் எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மென்பொருள் இடும் புள்ளிகளில் மட்டத்தாளில் மை பரவிய தடமோ, நிறங்கள் சற்றே விலகிப் பதிந்த தடமோ தானாக அமைவதில்லை. விளம்பரத்திற்கு இது போதும், ஆய்வாளருக்குப் போதாது.

இதனினும் கவலைக்குரியது எதிர்த்திசையில் நிகழ்வது. பழந்தமிழ் இதழ்களை மின்னுருவாக்குங்கால், படம் தெளிவுபெற வேண்டி இப்புள்ளிகளை மென்பொருளால் நீக்குவதுண்டு. அதன்பின், அப்படம் கல்லச்சா, ஆஃப்டோன் பிளாக்கா என அறிதற்குரிய சான்று அந்நகலில் எஞ்சுவதில்லை.