எழுபத்தைந்து ரூபாய் பிறந்த கதை

1913 மார்ச் 19 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடக்குழு கூடியது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு கும்பகோணத்து இளைஞருக்கு ஆராய்ச்சி செய்யப் பணம் கொடுக்கலாமா என்பதுதான் பேச்சு. பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஹனுமந்த ராவ், கூட்டத்துக்கு வந்து உதவும்படி ஒருவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் போனது அந்த இளைஞருக்கு இல்லை, துறைமுக அலுவலக மேலாளர் நாராயண ஐயருக்கு. அவருடைய கணக்குகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், எழுதியவரைவிட நீங்கள்தான் எங்களுக்கு நன்றாகப் புரியவைக்க முடியும் என்று காரணத்தையும் அதில் சொல்லியிருந்தார்.

அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன். கிடைத்த தொகை மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. ராமானுஜன் கதை ஊரறிந்தது. அந்த 75 ரூபாயின் கதை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. இன்று ஆராய்ச்சி நிதிக்காக மேடை ஏறும் மாணவர்களும், எதிரே உட்கார்ந்து மதிப்பெண் போடும் நடுவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2017-இல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் தொடங்கியபின் இத்தகைய போட்டிகள் காவிரி டெல்டா பிள்ளைகளுக்கும் நன்றாகப் பழகிவிட்டன. நாலைந்து பேர் கொண்ட டீம், ஒரு பி.பி.டி., கையில் ஒட்டுப்போட்ட ஒரு மாதிரிக் கருவி. இந்த மண்ணுக்கென்றே பிரச்சினைகளும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்துவிட்டுத் தார்ப்பாயோடு காவல் கிடக்கிற அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, மலிவான உலர்த்தி ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பது இயல்புதானே? ஆனால் கொடுத்த சில நிமிஷத்துக்குள் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். உலகெங்கும் பரவியிருக்கும் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளிக்கிற நேரத்தைக் குறைப்பதற்காக வீட்டுக்கு வீடு மூன்று நிமிஷக் கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து வந்த யோசனை அது. மூன்று நிமிஷத்தில் தன் வேலையைச் சொல்லப் பழகுவது நல்ல பயிற்சி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சொல்லத் தெரியாதவரிடம் சரக்கும் இருக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, அங்கேதான் 1913 நினைவுக்கு வருகிறது.

ராமானுஜனுக்குத் தன் வேலையைச் சொல்ல வராது. அப்பா கும்பகோணத்துத் துணிக்கடையில் கணக்கு எழுதியவர், மாதம் 20 ரூபாய் சம்பளம். காவிரிக் கரை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த பையன், ஆங்கிலத்தில் தவறி அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே படித்து எழுதிய எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்விலும் தேறவில்லை. கணிதத்தில் குறையில்லை, மற்ற பாடங்கள் கைவிட்டன. இன்றைய பேச்சில் சொன்னால் தீராத அரியர். 1910-இல் திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். முதல் சந்திப்பில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பப் போன பிறகுதான் மனசு மாறினார். மழிக்காத முகம், அவ்வளவு சுத்தமில்லாத கோலம், கக்கத்தில் நைந்த நோட்டு, கண்களில் மட்டும் ஓர் ஒளி என்று ராவ் பின்னாளில் அந்த உருவத்தை எழுதி வைத்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்றாராம். ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். இனாமாக வாங்கித் தின்பது ராமானுஜனுக்குப் பொறுக்கவில்லை. வேலை தேடினார். 1912 மார்ச் 1-இல் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார்.

அங்கே கிடைத்தவர்தான் நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். வேலை முடிந்து இரவில் திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் ஆளுக்கொரு சிலேட்டோடு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். காகிதம் வாங்கக் கட்டாது. ராமானுஜன் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதுவார். நடுவில் ஏழெட்டுப் படிகள் மனசுக்குள்ளேயே ஓடிவிடும், சிலேட்டில் முடிவு மட்டும் நிற்கும். எனக்கே விளங்கவில்லையே, மற்றவர்களுக்கு எப்படி விளங்கும், என் மட்டத்துக்கு இறங்கி வந்து நடுப்படிகளையும் எழுது என்று நாராயண ஐயர் விடாமல் கேட்டார். இன்றைய டீம்களில் நால்வரும் ஒரே மாதிரி கெட்டிக்காரர்களாக இருக்கப் பார்க்கிறார்கள். இந்த டீமில் இருந்தது இருவர். ஒருவருக்கு முடிவு தெரியும். இன்னொருவருக்கு எங்கே புரியவில்லை என்று கேட்கத் தெரியும். இரண்டாமவர் இல்லாமல் பாடக்குழுவின் முன்னால் வைக்க எதுவும் இருந்திருக்காது.

நடுவர்களும் சும்மா இருக்கவில்லை. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் பொறியியல் கல்லூரியின் கிரிஃபித்தும் பல இடங்களில் கேட்டுப் பார்த்தார்கள். கிரிஃபித் லண்டனில் இருந்த தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். ஹில், முடிவில்லாத் தொடர்களைக் கையாள்வதில் இவர் தடுக்கி விழுகிறார் என்று குறையை வெளிப்படையாகச் சொன்னார், எந்தப் புத்தகத்தைப் படித்தால் சரியாகும் என்றும் சேர்த்து எழுதினார். நிராகரிப்புக் கடிதத்தில்கூட ஒரு புத்தகத்தின் பெயர் இருந்தால் அது மாணவனுக்கு எவ்வளவு பெரிய உதவி! கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜன் 1913 ஜனவரி 16-இல் எழுதியதும் பதில் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. பிப்ரவரி 25-இல் வானிலை ஆய்வகங்களின் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். ஸ்பிரிங் அவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். இது என் துறை இல்லை, முழுதாக எடைபோட என்னால் முடியாது என்று ஒப்புக்கொண்ட வாக்கர், மறுநாளே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார்: பிழைப்புக் கவலை இல்லாமல் சில வருஷங்கள் இவர் கணிதமே செய்யப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும்.

பாடக்குழு 75 ரூபாய்க்குப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 7-இல் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கூடியபோது முட்டுக்கட்டை வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது, இவரோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர். விதியைக் காட்டி மறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அப்போது எழுந்து பேசியவர் நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர். அவர் பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தின் முகவுரையை எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் இதன் கடமை என்று அங்கே இருக்கிறது, ராமானுஜனின் கல்வித் தகுதியில் என்ன குறை இருந்தாலும் ஆராய்ச்சித் தகுதியில் குறை இல்லையே என்பது அவர் வாதம். இப்படி ஒரு சிறப்பு உதவித்தொகைக்கு நம் விதிகளில் இடமில்லை என்பதைச் சிண்டிகேட் மறைக்காமல் பதிவு செய்தது. பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும், 1904 பல்கலைக்கழகச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதற்கு இடம் தருவதாகக் கொள்கிறோம், கவர்னரின் ஒப்புதல் தேவை என்று எழுதி அனுப்பியது. கொடுப்பது என்று மனசு வைத்த பிறகு வழியைச் சட்டத்துக்குள்ளேயே தேடினார்கள். அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒப்புதல் கிடைத்து, மே 1 முதல் பணம் வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். ராமானுஜன் மூன்று அறிக்கைகள் கொடுத்தார், 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9. ஒரு சார்பைத் தொடராக எழுதினால், அதன் கெழுக்களை வைத்தே ஒரு தொகையீட்டின் மதிப்பைச் சொல்லிவிடும் விதி முதல் அறிக்கையில் இருக்கிறது. ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்ற பெயரில் இன்றும் பயன்படுவது அது. மூல அறிக்கைகள் பிற்பாடு தொலைந்தன. 1925-இல் ஹார்டிக்காக எடுத்த கைப்பிரதியின் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தன. மாதம் 75 ரூபாய் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் கருவி எங்கே, காப்புரிமை எங்கே என்று கேட்காமல், என்ன யோசித்தாய் என்று மட்டும் கேட்டதன் பலன் அந்தப் பக்கங்கள்.

மூன்றாம் அறிக்கை கொடுத்த எட்டாம் நாள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வெளிநாட்டுக்கான வருஷம் 250 பவுன் உதவித்தொகையையும் அதே பல்கலைக்கழகம்தான் கொடுத்தது, அதில் ஒரு பங்கு கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போனது. 1919-இல் நாடு திரும்புமுன் மறுபடியும் வருஷம் 250 பவுன் தருவதாகச் சொன்னார்கள். ராமானுஜன் பதிவாளருக்கு எழுதிய பதிலில், அது தன் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு 50 பவுனும் தன் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-இல், 32 வயதில் காலமானார். கும்பகோணத்தில் 2005 முதல் சாஸ்திரா பல்கலைக்கழகம் அவர் பெயரில் வழங்கும் 10,000 டாலர் பரிசுக்கு வயது வரம்பு 32 என்று வைத்தது அதனால்தான்.

போட்டி நடத்துகிற கல்லூரிகளிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள், அது அவர்கள் பாடு. ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பத்தில் அந்த வரியைச் சேர்க்காதீர்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். டீமில் ஒரு பிள்ளை வாயே திறக்காமல் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றால், மதிப்பெண் போடுவதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள்.