நீதி சொன்ன நச்சு விதை

நைசீரியாவின் தென்கிழக்கே கலபார் என்றோர் ஊர். அப்பகுதியில் படரும் கொடியொன்றின் விதைக்கு எஃபிக் மக்கள் இட்ட பெயர் எசெரே. பார்வைக்கு அவரை, உண்டால் நஞ்சு. 19ஆம் நூற்றாண்டிலே அவ்விதைதான் அங்கு நீதிபதி! சூனியம் வைத்தான் என்று ஒருவன்மீது பழி விழுந்தால், விதையை அரைத்துக் கரைத்துக் குடிக்கச் செய்தனர். வாந்தியெடுத்துப் பிழைத்தால் குற்றமற்றவன், மாண்டால் குற்றவாளி. தெய்வத்தின் தீர்ப்பு என்றனர் அவர்கள். இரைப்பையின் தீர்ப்பு என்கிறோம் நாம்.

அறியாத மக்கள் என்று நகைக்க வேண்டாம். சுசீந்திரம் கோயிலிலே, கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்து ஒழுக்கத்தை அளந்த ‘கைமுக்கு’ நம் மண்ணிலே நடந்ததுதானே!

நஞ்சைத் தெய்வத்திடமிருந்து மீட்டது ஆராய்ச்சி. 1855ஆம் ஆண்டு எடின்பரோப் பேராசிரியர் கிறிஸ்டிசன், விதையில் ஒரு சிறு பகுதியைத் தாமே தின்று பார்த்தார். தலை சுற்றிற்று, கைகால் தளர்ந்தன. முகம் மழித்த நீரையே எடுத்துக் குடித்து, வாந்தியெடுத்து உயிர் தப்பினார்! 1863இல் அதே நகரின் ஆர்கில் ராபர்ட்சன், விதைச் சாறு கண்பாவையைச் சுருக்கக் கண்டார். மறு ஆண்டு ஜெர்மானியர் யோப்ஸ்டும் ஹெசேயும் நஞ்சைத் தனியே பிரித்தனர். அதுவே ஃபைசோஸ்டிக்மின். 1876இல் லக்கர் அதைக் கண்ணழுத்த நோய்க்கு மருந்தாக்கினார்.

எப்படி நஞ்சே மருந்தாயிற்று? நரம்பு தசைக்கு ஆணையிட, அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கிறது. ஆணை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஃபைசோஸ்டிக்மின் அந்நொதியைத் தடுக்கிறது. அளவு மிஞ்சினால் ஆணை ஓயாது. தசைகள் துடித்துத் தளர்ந்து, மூச்சு நின்றுவிடும். அளவோடு கொடுத்தாலோ, ஆணை எட்டாத தசையிலும் வலுவேறும். 1934இல் இலண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்னும் மருத்துவர், தசைச்சோர்வு நோயில் வாடிய ஒரு பெண்ணுக்கு இம்மருந்தை ஊசிவழி செலுத்தினார். தொங்கிக் கிடந்த இமை உயர்ந்தது.

மறு ஆண்டு, 1935இல், அமெரிக்காவின் டிபா பல்கலைக்கழகத்திலே, தோழர் பிக்கலுடன் அப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக்காட்டியவர் பெர்சி ஜூலியன். ஆக்ஸ்ஃபோர்டின் பெரும்புகழ் ராபின்சன் கண்ட வழி தவறு என்று உருகுநிலையைக் காட்டி மெய்ப்பித்தவர். அவர் ஒரு நீக்ரோ, அடிமைகளின் பேரன். அந்தப் பல்கலைக்கழகமோ, நிறத்தின் காரணமாக நிலையான ஆசிரியர் பதவியை அவருக்கு மறுத்தது! 1950ஆம் ஆண்டு, சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் அவர் வாங்கிய வீட்டிற்கு, அவர் குடிபுகுமுன்னரே தீ வைக்க முயன்றனர். அவர் குடிபுகுந்தார்.